பசியில்லாத பாசி

"பிளாஸ்டிக்கைத் தின்னும் பாசி வந்துவிட்டது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால், யாராவது ஒருவர் அதை எனக்கும் அனுப்பிவைத்துவிடுவார். தாவரவியல் சொல்லிக்கொடுப்பவன், அதிலும் பாசிகளைக் கட்டிக்கொண்டு அழுபவன் என்று பெயர் வாங்கியபின் இதிலிருந்து தப்ப வழியில்லை. செய்தியோடு ஒரு படமும் இருக்கும்: நீலக் கடல், மிதக்கும் பாட்டில், அதைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று ஏதோ ஒன்று. படம் முழுப் பொய். செய்தியில் பாதி மெய். அந்த மெய்யான பாதி பொய்யைவிடச் சுவையானது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பாசி பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை. பிளாஸ்டிக்கை வெட்டக்கூடிய ஒரு நொதியை, நாம் மரபணுவைத் திணித்துக் கட்டாயப்படுத்துவதால் தயாரித்து, வெளியே தள்ளுகிறது. அவ்வளவுதான். வெட்டி விழும் துண்டுகளால் பாசிக்குக் காலணா லாபமில்லை. அதற்கு வேண்டியது வெளிச்சம், கரியமில வாயு, நீரில் கரைந்த சில உப்புகள். இந்தத் துறையின் எல்லாத் தலைவலிகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் கட்சி.

முதலில் பசியுள்ள உயிரைப் பார்ப்போம். ஜப்பானில் ஒசாகாவை ஒட்டிய சக்காய் நகரில் பெட் பாட்டில் மறுசுழற்சி செய்யும் இடம் ஒன்று உண்டு. பெட் என்பது தண்ணீர் பாட்டில்கள் செய்யும் பாலியெஸ்டர் பிளாஸ்டிக். அங்கிருந்த மண், கழிவுநீர், சேறு என்று 250 மாதிரிகளை அள்ளிவந்து சலித்த ஜப்பானிய ஆய்வாளர்கள், 2016-இல் ஒரு பாக்டீரியாவை அறிவித்தார்கள். இடியோனெல்லா சக்காயென்சிஸ் என்று ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 30 டிகிரி வெப்பத்தில், மெல்லிய பெட் தாளொன்றை ஆறு வாரங்களில் ஏறக்குறைய முழுவதுமாக அது அரித்துவிட்டது. இரண்டு நொதிகள் அதன் கைவசம் இருந்தன. பெட்டேஸ் என்று பெயரிடப்பட்ட ஒன்று நெடுஞ்சங்கிலியை வெட்டுகிறது. மற்றொன்று அந்தத் துண்டுகளை, பெட்டின் மூலப்பொருள்களான டெரிப்தாலிக் அமிலமாகவும் எத்திலீன் கிளைக்காலாகவும் பிரிக்கிறது. பிறகு பாக்டீரியா அவற்றைச் சாப்பிடுகிறது. இதைத் "தின்னும்" என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பெட்டை வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் உருவாக்கியது 1941-இல். அது பாட்டிலாக மாறியது 1970-களில். இவ்வளவு புதிய பொருளை வெட்டும் கத்தி இயற்கையிடம் எப்படி முன்கூட்டியே இருந்தது? இலையைத் தொட்டுப் பாருங்கள். மேற்பரப்பில் மெழுகோடு சேர்ந்து கியூட்டின் என்றொரு பொருள் படர்ந்திருக்கிறது. அதுவும் பெட்டைப்போலவே, அமிலமும் ஆல்ககாலும் கைகோக்கும் எஸ்டர் பிணைப்புகளால் கோத்த சங்கிலிதான். சொல்லப்போனால் ஒவ்வோர் இலையும் பாலியெஸ்டர் சட்டை போட்டிருக்கிறது. உதிர்ந்த இலையை மட்கச் செய்யும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அந்தச் சட்டையைக் கிழிக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கியூட்டினேஸ் நொதிகளைச் செய்து வருகின்றன. அவற்றில் சில, பெட்டையும் கியூட்டினாக நினைத்து வெட்டிவிடுகின்றன.

அதனால்தான் இன்றைய வலிமையான பெட் நொதிகள் கடலிலிருந்து வரவில்லை, எருக்குழியிலிருந்து வந்திருக்கின்றன. எல்.சி.சி. என்ற நொதியின் மரபணு ஒசாகாவில் இலை, சுள்ளி மட்கிய எருவிலிருந்து 2012-இல் கிடைத்தது. பி.எச்.எல்.7 என்ற நொதியின் மரபணு ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றின் எருக்குவியலில் அகப்பட்டது. கார்பியோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் எல்.சி.சி.யைத் திருத்தியமைத்து, 72 டிகிரி வெப்பத்தில் பத்து மணி நேரத்துக்குள் பெட்டில் 90 சதவீதத்தைப் பிரித்துக் காட்டியது 2020-இல். கத்தி தயார். அதைக் கூர்தீட்டும் வேலையும் மளமளவென்று நடந்துவருகிறது. கேள்வியெல்லாம், கத்தியை யார் மலிவாக அடித்துக் கொடுப்பது என்பதுதான். பாசி மேடையேறுவது இங்கேதான்.

மேடைக்கு வரும் பாசி பெரும்பாலும் கிளாமிடோமோனஸ். பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் படித்தவர்கள் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள்: கிண்ண வடிவப் பசுங்கணிகம், இரண்டு கசையிழைகள், ஒரு சிவந்த கண்புள்ளி. ஆனால் படத்தில் அது சும்மா நிற்கும். நுண்ணோக்கியில் நிற்கவே நிற்காது. ஒரு செல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான்; கசையிழைகள் இரண்டையும் முன்னால் வீசிப் பின்னால் இழுத்து, தன்னைத்தானே சுற்றிக்கொண்டே விரையும். மாணவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டுவது ஒன்றுண்டு. பாசி வளர்ந்த கண்ணாடிக் குடுவையைக் கறுப்புத் தாளால் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் சிறு சன்னல் வெட்டிவிட்டு, மேசை விளக்கை அதன் எதிரே வைத்துவிடுவேன். வகுப்பு முடிவதற்குள் தாளைப் பிரித்தால், சன்னல் இருந்த இடத்தில் பச்சை அப்பியிருக்கும். சன்னலின் ஓரங்கள்கூடத் தெரியும். சோறு எங்கிருந்து வருகிறது என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் கிளாமிடோமோனஸ் ரைன்ஹார்ட்டியின் முக்கிய வம்சம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து உருளைக்கிழங்கு வயலொன்றின் மண்ணிலிருந்து 1945-இல் பிரித்தெடுக்கப்பட்டது. நம் பக்கத்திலும் இந்தக் குடும்பத்துக்குப் பழைய உறவு உண்டு. சென்னையில் பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்கார் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை, கிளாமிடோமோனஸ் அடங்கிய வால்வோகேல்ஸ் வரிசைக்குக் கொடுத்தவர். அவரும் டி.வி. தேசிகாச்சாரியும் எழுதிய வால்வோகேல்ஸ் நூல் 1981-இல்தான் அச்சானது. ஐயங்கார் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இன்று அதே வரிசைப் பாசிக்குள் ஜெர்மன் எருக்குழியின் மரபணுவைச் செருகுகிறார்கள் என்று கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு.

செருகுவது எளிது. செல்களையும் டி.என்.ஏ.வையும் கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் குலுக்கினாலே சிலவற்றுக்குள் போய்விடும். மின்னதிர்வு கொடுத்தும் செய்யலாம். வினை அதற்குப் பிறகுதான். உட்கருவில் அந்த மரபணு எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை. ஒட்டிக்கொண்டாலும், அந்நியன் என்று மோப்பம் பிடித்துச் செல் அதன் வாயை அடைத்துவிடும். இந்தப் பாசியின் மரபணுத்தொகுதியில், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஜி, சி இரண்டும் மட்டும் ஏறக்குறைய 64 சதவீதம். பாக்டீரியாவின் மரபணுவை அப்படியே கொண்டுபோனால் நடை பிடிபடாது. புரதம் மாறாமல் எழுத்துகளை மட்டும் மாற்றி மறுபடி எழுதவேண்டும். நடுவே பாசியின் சொந்த இன்ட்ரான்களையும், அதாவது மரபணுவுக்குள் இருந்தாலும் புரதமாகாத இடைத்துண்டுகளையும், பொதிந்துவைத்தால் அயல் மரபணு நன்றாகப் பேசுகிறது என்று ஜெர்மனியின் பீலஃபெல்டு குழு 2018-இல் காட்டியது. வாயடைக்கும் பழக்கமே மழுங்கிப்போன பாசிகளைப் புறஊதா ஒளி பாய்ச்சி உண்டாக்கி, அவற்றையே பயன்படுத்துவதும் உண்டு.

இந்த வித்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மேஃபீல்டின் ஆய்வகம் 2012-இல் வெளியிட்டது. ஜியோசின் என்ற நச்சு மருந்து டி.என்.ஏ.வைத் துண்டாடும். அதைத் தாங்க உதவும் ஒரு புரதம் இருக்கிறது. ஆனால் அது மருந்தைச் சிதைப்பதில்லை, ஒன்றுக்கு ஒன்று என்று கட்டிப்பிடித்து அடக்குகிறது. ஆகவே மருந்தின் அளவு கூடினால் அந்தப் புரதமும் அதே கணக்கில் கூடியாகவேண்டும். இல்லையென்றால் செல் பிழைக்காது. இந்தக் காப்புப் புரதத்தின் மரபணுவோடு தங்களுக்கு வேண்டிய நொதியின் மரபணுவை ஒரே வாக்கியமாகக் கோத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கோமாரி நோய் வைரஸிடமிருந்து எடுத்த ஒரு சிறு துணுக்கு. புரதம் கோக்கப்படும்போது அந்த இடம் வந்ததும் ஒரு கண்ணி விட்டுப்போய், ஒரே வாக்கியத்திலிருந்து இரண்டு தனிப் புரதங்கள் விழுகின்றன. மாடுகளின் வாயையும் குளம்பையும் புண்ணாக்கும் வைரஸின் சொத்து இது. இனி, கடும் மருந்தில் உயிர்பிழைக்கும் பாசி எதுவானாலும் நம் நொதியையும் நிறையச் செய்துதான் ஆகவேண்டும். அன்று அவர்கள் எடுத்துக்கொண்டது, தாவர நாரிலுள்ள சைலனை வெட்டும் சைலனேஸ் என்ற நொதி. பழைய முறையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு கூடக் கிடைத்தது. இதற்கு அடுத்த இலக்காகப் பிளாஸ்டிக் நொதி வந்ததில் வியப்பில்லை.

செய்த புரதத்தை வெளியே அனுப்ப வேண்டுமே. அதற்குப் புரதத்தின் தலைப்பில் ஒரு சிறு தொடரை ஒட்டுகிறார்கள். ஆலை வாசலில் கேட் பாஸைக் காட்டிவிட்டுச் சரக்கு வெளியேறும், சீட்டு வாசலிலேயே கிழிக்கப்படும் அல்லவா, அதே கதைதான். அந்தச் சீட்டை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. கிளாமிடோமோனஸுக்குக் கந்தகம் தட்டுப்பாடானால், அரில்சல்ஃபடேஸ் என்ற நொதியை வெளியே விட்டு, சுற்றுப்புறத்துச் சேர்மங்களிலிருந்து கந்தகத்தைக் கறந்துகொள்ளும். அந்த நொதியின் தலைப்பைத்தான் வெட்டி நம் நொதிக்கு மாட்டுகிறார்கள். அதாவது, இந்தப் பாசிக்கு எப்போதாவது வரும் ஒரு பசியின்போது அது துப்பும் வழியைத் திருடித்தான் மற்ற நாட்களிலும் துப்ப வைக்கிறோம்.

யார் எதுவரை போயிருக்கிறார்கள்? ஜெர்மனியின் மார்பர்க் குழு 2019-இல் பெட்டேஸை வெளியே சுரக்கும் கடல்வாழ் டயட்டம் ஒன்றைக் காட்டியது. அது பச்சைப் பாசி அல்ல, பழுப்பு நிறத்துக் கண்ணாடிச் சட்டைக்காரர். இருந்தாலும் உப்புநீரில் வேலை நடக்கும் என்பதற்கு அது முதல் சாட்சி. தென்கொரிய ஆய்வாளர்கள் 2020-இல் கிளாமிடோமோனஸில் பெட்டேஸைச் செய்தார்கள். ஆனால் செல்லை உடைத்துச் சாற்றை எடுத்துத்தான் பெட் மீது விட்டார்கள். சில வாரங்களில் தாளில் குழிகள் விழுந்தன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பங்கேற்ற ஆய்வொன்று 2023-இல் நொதியைப் பசுங்கணிகத்துக்குள்ளேயே செய்யவைத்தது. அங்கே வாயடைப்புத் தொல்லை இல்லை. ஆனால் வெளியே வர வாசலும் இல்லை. மறுபடி செல்லை உடைக்கவேண்டும்.

மேஃபீல்டு ஆய்வகம் வெளியே துப்பும் வழியைப் பிடித்துக்கொண்டது. கிளாமிடோமோனஸ் பசிஃபிகா என்ற, கடும் காரநீரைத் தாங்கும் உறவுக்காரப் பாசியில் பி.எச்.எல்.7-ஐ ஏற்றியது. காரநீர் இங்கே தற்செயலான வசதி அல்ல. பெட் நீரால் பிளந்து உடைகிறது. ஒரு கிலோ பெட் உடைந்தால் ஏறத்தாழ 865 கிராம் டெரிப்தாலிக் அமிலமும் 323 கிராம் கிளைக்காலும் கிடைக்கும். கூட்டினால் ஒரு கிலோவைத் தாண்டுவது நீர் சேர்வதால். அமிலம் சேரச் சேர நீர் புளித்து நொதி படுத்துவிடும். காரத்தில் வாழும் பாசி இதற்குக் கொஞ்சம் ஈடுகொடுக்கும். திறந்த குட்டையில் வளர்த்தால் காரநீர் வேண்டாத விருந்தாளிகளையும் ஒதுக்கிவைக்கும்.

நல்ல பாசியைத் தேர்ந்தெடுக்கும் முறை கண்ணுக்கு விருந்து. எஸ்டர் பிணைப்புள்ள பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கின் பால்மம் கலந்த அகார் தட்டு (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டு) மோர் ஊற்றியதுபோல் வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். அதன்மேல் பாசிகளை விதைத்துக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலான பச்சைப் புள்ளிகளைச் சுற்றி ஒன்றும் நடக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றைச் சுற்றி மட்டும் வெள்ளை கரைந்து, தட்டின் அடி தெரிகிற வட்டம் விழும். வட்டம் விழுந்தால் நொதி செல்லுக்கு வெளியே வந்திருக்கிறது, உயிரோடு இருக்கிறது, எஸ்டரை வெட்டுகிறது என்று மூன்றும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இனிக் கணக்குப் பார்ப்போம். உற்சாகம் குறையும் இடம் இதுதான். 2020-இன் பிரெஞ்சு முறையில் ஒரு கிராம் பெட்டுக்கு 3 மில்லிகிராம் நொதி பிடித்தது. ஒரு கிலோவுக்கு 3 கிராம். பாசி லிட்டருக்கு 10 மில்லிகிராம் துப்புகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பெட்டுக்கு 300 லிட்டர் பாசிநீர் வேண்டும். 25 கிராம் எடையுள்ள ஒரேயொரு தண்ணீர் பாட்டிலுக்கு ஏழரை லிட்டர். எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பாட்டிலுக்குப் பிடித்த ஏழரை நொதிக்கும் பிடித்துவிட்டது.

எதிர்க்கடையில் டிரைக்கோடெர்மா ரீசை என்ற பூஞ்சை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க இராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை அரித்துத் தின்று மாட்டிக்கொண்ட ஆசாமி. இன்று ஆலைகளில் அதன் மெருகேற்றிய வம்சங்கள் லிட்டருக்கு 100 கிராம் வரை நொதி சுரக்கின்றன. பாசியைப்போலப் பத்தாயிரம் மடங்கு. அது தன் சொந்த நொதிகளுக்கான அளவுதான், அயல் நொதிக்கு அவ்வளவு வராது. இருந்தாலும் இந்த இடைவெளி திறமைக் குறைவால் வந்ததல்ல. பூஞ்சையின் சோறு எப்போதும் வெளியேதான் கிடக்கிறது. துப்பினால்தான் கரையும், கரைந்தால்தான் உறிஞ்ச முடியும். துப்புவதே அதன் பிழைப்பு. பாசிக்குச் சோறு வெளிச்சமாக வருகிறது. துப்பிப் பழக அதற்கு அவசியமே வந்ததில்லை.

கடலில் விட்டுவிடலாமே என்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. நொதி சுரக்கும் செல் தன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைத் தனக்குப் பயன்படாத ஒன்றுக்குச் செலவழிக்கிறது. அதன் மக்களில் ஒன்று அந்த மரபணுவைக் கெடுத்துக்கொண்டால் செலவு மிச்சம்; அது கொஞ்சம் வேகமாகப் பெருகும். சில தலைமுறைகளில் குட்டை முழுவதும் சுரக்காத வாரிசுகளே மிஞ்சும். ஆய்வகத்தில் மருந்தின் மிரட்டல் இருக்கிறது, கடலில் யார் மிரட்டுவது? போதாக்குறைக்குச் சுரந்த நொதி அலையில் அடித்துப்போய்விடும். சக்காய் பாக்டீரியா தாளோடு ஒட்டி உட்கார்ந்து வெட்டுகிறது. பாசி நீந்திக்கொண்டே துப்புகிறது. மரபணு மாற்றிய பாசியைத் திறந்தவெளிக் குட்டைகளில் அமெரிக்க அரசின் அனுமதியோடு வளர்த்துப் பார்த்து, 2017-இல் வெளியான சோதனையும் உண்டு. பாசி காற்றோடு பக்கத்துத் தொட்டிகளுக்குப் பரவியது; ஆனால் அங்கிருந்த உள்ளூர்ப் பாசிகளை விரட்டவில்லை. பரவும் என்பது கவலைக்குரியது. பரவியும் பயனிருக்காது என்பது என் கணிப்பு. எப்படிப் பார்த்தாலும் விடுவதற்கு நியாயமில்லை.

வெப்பம் இன்னொரு முட்டுக்கட்டை. 70 டிகிரியை நெருங்கினால்தான் பெட்டின் சங்கிலிகள் தளர்ந்து நொதிக்கு இடம்கொடுக்கும். கிளாமிடோமோனஸ் ரைன்ஹார்ட்டி 25 டிகிரியில் சுகமாக இருக்கும். 40-ஐத் தாண்டினால் தாங்காது. ஆகவே பாசியும் பாட்டிலும் ஒரே தொட்டியில் என்பது நடக்காத காரியம். பாசியைத் தனியே வளர்த்து, சுரந்த நீரை மட்டும் வடித்தெடுத்து, வேறொரு சூடான தொட்டியில் பெட்டோடு சேர்க்கவேண்டும். துப்பவைப்பதன் அருமை இங்கே புரியும்: செல்லை உடைக்க வேண்டியதில்லை, வடித்தபின் பாசி வேலையைத் தொடரும். பாட்டிலையும் அப்படியே போட முடியாது. அதன் சங்கிலிகள் படிகமாக இறுகியவை. உருக்கி, சட்டென்று குளிரவைத்து, பொடித்துத்தான் தரவேண்டும். இந்த உருக்கும் செலவைப் பற்றிச் செய்திகள் வாயே திறப்பதில்லை.

அதோடு, வெட்டப்படுவது பெட் மட்டும்தான். நம் தெருவில் பெட் பாட்டிலுக்கு ஏற்கெனவே விலை இருக்கிறது. பொறுக்கி எடுத்துக் காயலான் கடையில் போடுகிறார்கள், அது நூலாகி மறுபடி துணியாகிறது. சாக்கடையை அடைக்கும் கேரி பேக்கும் பிஸ்கட் உறையும் பெரும்பாலும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன். அவற்றில் எஸ்டர் பிணைப்பே கிடையாது. கார்பனோடு கார்பன் பூட்டிய சங்கிலி. பெட்டேஸ் அவற்றின்மேல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது. யாரும் தொடாத குப்பையைத் தொடாமல், விலைபோகும் குப்பைக்குப் போட்டியாக நிற்கிறது இந்தத் தொழில்நுட்பம்.

பிறகு ஏன் இதில் எனக்கு ஆர்வம் என்று கேட்டால், சான் டியேகோக்காரர்கள் செய்யும் இன்னொரு வேலைதான் காரணம். பாசி எண்ணெயிலிருந்து பாலியூரித்தேன் செய்து, அதில் செருப்பும் ஷூவும் தயாரிக்கும் முயற்சியிலும் அவர்கள் இருக்கிறார்கள். வெட்டுப்படுவதற்கென்றே எஸ்டர் பிணைப்புகளை வைத்துக் கட்டிய பொருள் அது. பி.எச்.எல்.7-ஐ அந்த வகைப் பாலியூரித்தேன்மீது விட்டபோது அது மூலப்பொருள்களாகப் பிரிந்தது. மென்மையான வகை சீக்கிரம், கெட்டியானது மெதுவாக. இறுகிப்போன பாட்டிலுக்குக் கத்தி தேடுவதைவிட, கத்திக்கு ஏற்றபடி பொருளைச் செய்வது புத்திசாலித்தனம். பந்தயம் கட்டச் சொன்னால் இதன்மேல்தான் கட்டுவேன்.

புராஜெக்ட்டுக்குப் பாசியில் மரபணு செருகலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்குரிய வசதியும் அனுமதியும் இல்லாத கல்லூரியில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் வெள்ளைத் தட்டில் வட்டம் தேடும் வேலையை எந்தக் கல்லூரியிலும் செய்யலாம். பாலியூரித்தேன் கிடைக்காவிட்டால் பாலிகேப்ரோலாக்டோன் போதும், அதுவும் எஸ்டர்தான். அது 60 டிகிரியில் உருகிவிடும், ஆகவே தட்டுகளை 50-க்குமேல் சூடாக்கக்கூடாது. பாசிக்குப் பதில் எருவில் வாழும் நுண்ணுயிரிகளை அதில் விதைத்துப் பார்க்கலாம். மாதிரிக்கு வெளியூர் போகவேண்டாம். வளாகத்தில் வேப்பிலையும் புங்க இலையும் கூட்டிக் குவித்த எருக்குழி போதும். மேலாக அள்ளாமல், குவியலின் நடுவில், கை வைக்க முடியாத சூடு இருக்கும் இடத்தில் எடுக்கவேண்டும்.